நல்ல நாளுக்குக் காத்திருந்த பாடம்

போன வருஷம், ஆடி பிறக்க இரண்டு நாள் இருந்தது. அரியலூரில், என் மனைவி ஒரு காலத்தில் படித்த கல்லூரியின் ஆபீஸ் ஜன்னல் முன்னால் நாங்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தோம்.

எங்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். குன்னத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மாவு மில் வைத்திருக்கிறேன். வீட்டை ஒட்டியே மில். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். என் மனைவி அப்படி இல்லை. அந்தக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் மூன்று வருஷமும் படித்தவள். எல்லாவற்றிலும் பாஸ். துணைப்பாடமாக இருந்த இயற்பியலில் மட்டும் அரியர். அதைத் திரும்ப எழுத வேண்டிய சமயத்தில்தான் எங்கள் கல்யாணம் நடந்தது. பிறகு மகள் பிறந்தாள், என் அப்பா படுத்த படுக்கையானார், மில் வேலை சேர்ந்துகொண்டது. பதினான்கு வருஷம் போய்விட்டது. அந்த ஒரே ஒரு பாடத்தால் அவளுக்குப் பட்டம் இல்லை. படித்த மூன்று வருஷமும் படிக்காத மாதிரிதான்.

ஒருநாள் அவளோடு படித்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. பழைய அரியர் வைத்திருப்பவர்களுக்குக் கடைசியாக ஒரு வாய்ப்பு. ஆன்லைனில் ஓர் இயற்பியல் படிப்பை முடித்துக் காட்டினால், கல்லூரியில் அதை அந்தப் பாடத்துக்கான கிரெடிட்டாக எடுத்துக்கொள்வார்கள். வகுப்புக்குப் போக வேண்டாம், மணி அடிப்பதில்லை. அவரவர் வசதிப்படி, அவரவர் வேகத்தில் போனிலேயே பார்த்துப் படிக்கலாம். மொத்தம் பன்னிரண்டு பாடம். ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு சின்னத் தேர்வு. அதில் தேறினால்தான் அடுத்த பாடம் திறக்கும். நடுநடுவே வீட்டிலேயே சில சோதனைகளைச் செய்து வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு பெரம்பலூரில் நேரில் போய் ஒரு பரீட்சை.

அவள் இதை என்னிடம் சொன்னபோது மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தேன். நெடியில் என் கண்ணில் தண்ணீர். அவள் கண்ணிலும் தண்ணீர். அவளுடையது மிளகாயால் வந்ததில்லை என்று எனக்குத் தெரியும்.

அதற்கான அனுமதிக் கடிதம் வாங்கத்தான் அரியலூர் போயிருந்தோம். ஆபீஸில் இருந்த அம்மா முத்திரை குத்திக் கொடுத்து, "ரெண்டு பக்கமும் நல்லா படிச்சுக்கம்மா" என்றார். என் மனைவி அங்கேயே நின்று முன்பக்கத்தைப் படித்தாள். நான் மணியைப் பார்த்தேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் எமகண்டம் பிறக்கப் போகிறது.

"மடிச்சு வையி புள்ள, வூட்ல போயி பாத்துக்கலாம். எமகண்டத்துல அத வெச்சுக்கிட்டு நிக்காத" என்று அவசரப்படுத்தினேன். அவள் மடித்துப் பையில் வைத்தாள்.

நான் தெய்வ நம்பிக்கை உள்ளவன். தினமும் காலையில் பிள்ளையார் படத்துக்குச் சூடம் காட்டாமல் மில் மோட்டாரின் சுவிட்சைத் தொட மாட்டேன். வெள்ளிக்கிழமை விளக்கு, சஷ்டிக்கு விரதம், கார்த்திகைக்கு மலைக்கோயில் என்று எதையும் விட்டதில்லை. அதனால் வீட்டுக்கு வந்ததும் அந்தக் கடிதத்தின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, பூஜை மாடத்தில் பிள்ளையார் படத்துக்கு அடியில் பத்திரமாக வைத்தேன். அவ்வளவு புனிதமான காகிதத்தை எடுத்துப் பிரித்துப் பார்க்க எங்கள் இருவருக்குமே மனம் வரவில்லை.

படிப்பில் சேர்ந்தாயிற்று. மறுநாள் ஆடி பிறந்தது.

"ஆடி போவட்டும். ஆவணியில நல்ல நாளா பாத்து ஆரம்பிச்சா அமோகமா வரும்" என்றேன்.

"வீடியோதானங்க, இப்பவே ஒண்ணு ரெண்டு பாத்துடறேனே" என்றாள்.

"அதுதான் ஒன் வசதிப்படி படிக்கலாம்னு போட்டிருக்கான்ல? யாரு வெரட்டுறா?"

அவள் போனைக் கீழே வைத்துவிட்டாள். எங்கள் வீட்டில் நல்ல நாள் பார்ப்பது என் வேலை. மகளுக்குக் காது குத்தியதிலிருந்து மில்லுக்குப் புது மோட்டார் மாட்டியது வரை நான் குறித்த நாளில்தான் எல்லாம் நடந்தது, நல்லபடியாகவும் நடந்தது. அதனால் அவள் என்னை நம்பினாள்.

ஆவணியில் வளர்பிறை முகூர்த்த நாளில், போனுக்குப் பொட்டு வைத்து, புது நோட்டில் பிள்ளையார் சுழி போட்டு, முதல் பாடம் ஆரம்பமானது. சட்டை காலரை இறுக்கிப் பூட்டிய ஒரு வாத்தியார் ஆங்கிலத்தில் பேசினார். பள்ளியில் தமிழில் படித்த என் மனைவிக்கு அவர் வேகம் பிடிபடவில்லை. வேகத்தைக் குறைத்து வைத்துக் கேட்டாள். அந்த மனுஷன் தூக்கக் கலக்கத்தில் பேசுவது மாதிரி இழுத்து இழுத்துப் பேசினார். நான் சிரித்தேன். அவள் கையைக் காட்டி என்னை அடக்கிவிட்டு எழுதிக்கொண்டே இருந்தாள். மூன்றே நாளில் அந்தப் பாடத்தை முடித்து, தேர்விலும் பாஸ். அடுத்த பாடம் திறந்தது.

நான் காலண்டரைப் பார்த்தேன். அன்று அஷ்டமி. மறுநாள் நவமி. அதற்கு மறுநாள் அவள் ராசிக்குச் சந்திராஷ்டமம் ஆரம்பம்.

"புதுப் பாடம் இப்ப வேணாம் புள்ள. நாலு நாள் கழிச்சு தொடங்கு."

இப்படித்தான் ஆனது. ஒவ்வொரு பாடம் முடியும்போதும் அடுத்ததற்கு நான் நாள் குறித்தேன். நாள் நன்றாக இருந்தால், அவளுக்கு ஒழிந்த நேரம் ராகு காலமாக இருக்கும். நேரம் நன்றாக இருந்தால் கரிநாளாக இருக்கும். புரட்டாசியில் மூன்றாவது பாடம் திறந்தது. விஜயதசமி பக்கத்தில் வந்துவிட்டது, அன்றைக்குத் தொடங்கினால் கல்விக்கு அதைவிட நல்ல நாள் ஏது என்று நிறுத்தி வைத்தேன். சரஸ்வதி பூஜை அன்று அவள் நோட்டு, பேனா, கால்குலேட்டர், படிப்பு இருந்த அந்தப் போன் எல்லாவற்றையும் பூஜையில் வைத்து, மறுநாள் வரைக்கும் யாரும் தொடக்கூடாது என்றேன். போன் பொரி கடலைக்கு நடுவில் கிடந்து அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

மார்கழியில் எதையும் புதிதாகத் தொடங்க விடவில்லை. தையில் மக்காச்சோள அறுப்பு. மில்லுக்குள் நிற்க இடமில்லை, அவளும் என்னோடு மாவு பிடித்துக்கொண்டிருந்தாள்.

மாசியில் சிவராத்திரிக்குப் பூஜை மாடத்தை ஒழுங்கு பண்ணினாள். படங்களை எல்லாம் இறக்கித் துடைத்தாள். நான் வாசலில் பெல்ட்டுக்கு மெழுகு தடவிக்கொண்டிருந்தேன். உள்ளே ரொம்ப நேரமாகச் சத்தமே இல்லை. போய்ப் பார்த்தேன். தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தக் கடிதம், பின்பக்கம் மேலே தெரிய.

பின்பக்கத்தில் இருந்தது இதுதான். ஆன்லைன் படிப்பைப் பொறுத்தவரை ஒரு வருஷம் அவகாசம் உண்டு. ஆனால் கல்லூரியில் கிரெடிட் வேண்டும் என்றால் பன்னிரண்டு பாடமும் எல்லாச் சோதனைகளும் மார்ச் மாதக் கடைசி நாளுக்குள் முடிந்திருக்க வேண்டும். ஏப்ரலில் பரீட்சை. பழைய அரியர்காரர்களுக்கு அதுதான் கடைசி. அதன்பிறகு அந்த வாய்ப்பு கிடையாது.

அன்று பிப்ரவரி இருபது தாண்டியிருந்தது. அவள் முடித்திருந்தது ஐந்து பாடம். பாக்கி ஏழு. சோதனைகளில் ஒன்றுகூட அனுப்பவில்லை.

"இன்னும் நாள் இருக்கு புள்ள" என்று ஏதோ சொன்னேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"என்னங்க, எனக்குப் பாடத்தப் பாத்து பயமில்ல. நம்ம வூட்டுக் காலண்டரப் பாத்தாதான் பயமா இருக்கு."

நான் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"ஏங்க, நம்ம மில்லு அஷ்டமி நவமியில ஓடலியா? சந்திராஷ்டமத்துல நான் ஒங்களுக்குச் சோறாக்கிப் போடலியா? அதுக்கெல்லாம் இல்லாத நாளு இதுக்கு மட்டும் எங்கேருந்து வந்துச்சு?"

பதினான்கு வருஷத்தில் அவள் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. எழுந்து ஊர்ப் பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். உச்சி வெயில். நடை சாத்தியிருந்தது. கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பனே, உன்மேல் ஒரு குற்றமும் இல்லை. காகிதத்தை உன் காலடியில் வைத்த முட்டாள், அதைப் படித்துவிட்டு அல்லவா வைத்திருக்க வேண்டும்? அவள் நேரத்தை நான் எடுத்துக்கொண்டு, அதை உன் பெயரில் போட்டுவிட்டேன். மன்னித்துவிடு. இனிமேல் அவள் படிப்புக்கு நாள் குறிக்க மாட்டேன். இது சத்தியம்.

வீட்டுக்கு வந்து, "நான் என்ன செய்யணும்னு மட்டும் சொல்லு" என்றேன்.

அவள் ஏற்கெனவே நோட்டில் கட்டம் போட்டு வைத்திருந்தாள். ஒரு பாடத்துக்கு நாலு நாள். ஏழு பாடத்துக்கு இருபத்தெட்டு. மிச்ச நாள் சோதனைகளுக்கு. அவள் கேட்டது ஒன்றுதான். காலை பத்திலிருந்து ஒன்று வரை மில் ஓடக்கூடாது. அந்தச் சத்தத்தில் வாத்தியார் பேசுவது கேட்பதில்லை.

பத்திலிருந்து ஒன்று வரைதான் எங்கள் மில்லில் கூட்டம். ஆனாலும் சிலேட்டில் எழுதி மாட்டிவிட்டேன். சமையல் என் பொறுப்பு. முதல் வாரம் நான் வைத்த குழம்பை மகள் பள்ளிக்குக் கொண்டுபோய் அப்படியே திருப்பிக்கொண்டு வந்தாள்.

கேழ்வரகு அரைக்க வந்த ஓர் அக்கா சிலேட்டைப் பார்த்துவிட்டு இடுப்பில் கையை வைத்தார்.

"என்னப்பா இது, பத்துலேருந்து ஒண்ணு வரைக்கும் மில்லு ஓடாதாம்ல? கரண்டு இல்லியா?"

"கரண்டு இருக்குக்கா. உள்ள படிக்கிறா."

"யாரு, மவளா? அது பள்ளிக்கூடம் போயிருக்குமே."

"மவளோட அம்மா."

"இந்த வயசுலயா! ஏம்ப்பா, ஒன் பொண்டாட்டி கலெக்டரு ஆவப் போறாளோ?"

"ஆனா ஆவட்டுமேக்கா. அப்ப வந்து மனு குடுங்க. மாவ சாயங்காலம் வாங்கிக்குங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். ஆனால் சாயங்காலம் வந்தார். கொஞ்ச நாளில் ஊருக்கே அந்த நேரம் பழகிவிட்டது. மூட்டையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "என்ன பாடம் நடக்குது?" என்று என்னைக் கேட்பார்கள். நானும் பெரிய இவன் மாதிரி, "ஒளி நடக்குது" என்பேன்.

இரண்டு அஷ்டமி வந்து போனது. நான் காலண்டர் தாளைக் கிழித்ததோடு சரி.

சுழற்சி என்று ஒரு பாடம் வந்தது. அதில் அவள் இரண்டு தடவை தேறவில்லை. மூன்றாவது தடவையும் தவறினால் சில நாள் காத்திருக்க வேண்டுமாம். அவள் போட்ட கட்டத்தில் அந்தச் சில நாளுக்கு இடமில்லை. முகம் வாடிப்போய் மில்லுக்குள் வந்து நின்றாள்.

"ரெண்டு சக்கரத்த ஒரு பெல்ட்டால கட்டினா எது எவ்ளோ வேகமா சுத்தும்னு கேக்குறான். வாத்தியாரு சொல்றது மண்டையில ஏற மாட்டேங்குது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் நின்ற இடத்துக்கு எதிரேதான் மோட்டார். மோட்டார் பக்கம் சின்னச் சக்கரம், அரைக்கும் கல் பக்கம் பெரிய சக்கரம், இரண்டையும் சுற்றி ஒரே பெல்ட். அவளும் தினம் பார்ப்பதுதான்.

"இங்க பாரு புள்ள. பெல்ட்டு ரெண்டு மேலயும் ஒரே வேகத்துலதான் போவும். இல்லாட்டி எங்கியாவது தொய்யணும், இல்ல அறுந்துடணும். இது சின்னது, அதனால சும்மா சுருக்கு சுருக்குனு பல சுத்து சுத்தும். அது பெருசு, ஒரு சுத்துக்கே அவ்ளோ பெல்ட்ட முழுங்கிடும். மெதுவாதான் சுத்தும்."

பெரிய சக்கரத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, மோட்டாரைப் போடாமல் கையாலேயே உருட்டிக் காட்டினேன். பெரியது ஒரு சுற்று வருவதற்குள் சின்னது இரண்டு சுற்றைத் தாண்டியது. அவள் இரண்டின் அகலத்தையும் டேப்பால் அளந்தாள். நோட்டில் வகுத்தாள். திடீரென்று, "அடப் பாவி மனுஷா!" என்றாள். அந்த வாத்தியாரைச் சொன்னாளா என்னைச் சொன்னாளா தெரியாது. மூன்றாவது தடவை தேறினாள். பத்துக்கு ஒன்பது.

சோதனைகளில் எங்களைப் பாடாய்ப்படுத்தியது ஊசல். ஒரு கயிற்றில் கனமான பொருளைத் தொங்கவிட்டு ஆட்ட வேண்டும். இருபது ஆட்டத்துக்கு எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்து, கயிற்றின் நீளத்தையும் வைத்து, பூமி ஒரு பொருளை இழுக்கும் அளவைக் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். விடை ஒன்பது புள்ளி எட்டுக்குப் பக்கத்தில் வரவேண்டுமாம். மில் உத்தரத்தில் கயிறு கட்டி, அதில் ஐந்து கிலோ எடைக்கல்லைத் தொங்கவிட்டேன். போனை அரிசி மூட்டை மேல் சாய்த்து வைத்து வீடியோ எடுத்தோம். அவள் விநாடி பார்த்தாள், நான் ஆட்டத்தை எண்ணினேன். விடை ஒன்பதைக்கூடத் தொடவில்லை.

மறுபடி செய்தோம். மறுபடியும் அதே விடை. எண்ணியதில் தப்போ என்று இடம் மாறி எண்ணினோம். அதேதான்.

"நம்ம ஊர்ல பூமி கொஞ்சம் கம்மியா இழுக்குதோ என்னமோ. மானம் பாத்த பூமிதான" என்றேன். அவள் முறைத்தாள்.

அந்த வீடியோ பாடத்தை இரண்டாவது முறை பார்த்துவிட்டு வந்து கேட்டாள். "நீளம் நீங்கதான அளந்தீங்க? எதுலேருந்து எது வரைக்கும்?"

"உத்தரத்துலேருந்து முடிச்சு வரைக்கும். கயிறு அவ்ளோதான இருக்கு?"

"கயித்தோட நீளம் மட்டும் இல்லீங்க. கல்லோட நடு மத்தி வரைக்கும் அளக்கணும். ஆடுறது கல்லு."

எடைக்கல்லின் நடுவில் சுண்ணாம்பால் ஒரு புள்ளி வைத்து, அதுவரைக்கும் அளந்தோம். நான் அளந்ததைவிட ஒன்பது சென்டிமீட்டர் கூடுதல். சரியாக ஒரு மீட்டர். அவள் கணக்குப் போட்டாள். நோட்டைத் திருப்பி என் முகத்துக்கு நேரே பிடித்தாள். ஒன்பது புள்ளி எட்டு. எங்கள் மில்லில், மாவு படிந்த உத்தரத்துக்குக் கீழே, ஐந்து கிலோ எடைக்கல்லை வைத்துப் பூமியின் இழுப்பைக் கண்டுபிடித்துவிட்டோம். உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது எனக்கு. சாமி எவ்வளவு துல்லியமாகப் படைத்து வைத்திருக்கிறார்! குன்னத்திலும் அதே அளவு, அந்த வாத்தியார் ஊரிலும் அதே அளவு. அளக்கத் தெரியாதவன் நான்தான்.

கடைசி நாள் வந்தது. மார்ச் முப்பத்தொன்று. பன்னிரண்டு பாடமும் முடிந்து, ஒரே ஒரு வீடியோ அனுப்புவது மட்டும் பாக்கி. எங்கள் ஊரில் சிக்னல் நூல் மாதிரி. குன்னத்துக்கு வண்டியை விரட்டினோம். அங்கே கம்ப்யூட்டர் சென்டரில் இருந்த பெண் வீடியோவை ஏற்ற ஆரம்பித்தார். பாதியைத் தாண்டி, முக்காலைத் தாண்டி, முடியப் போகிற நேரத்தில் இன்டர்நெட் நின்றுவிட்டது. கடைத்தெரு முழுக்க இல்லை. எங்கேயோ கேபிள் அறுந்துவிட்டதாம். எங்கள் போனில் அன்றைய டேட்டாவும் தீர்ந்திருந்தது. என் மனைவி மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பெண் தன் சொந்தப் போனை எடுத்தார். "அக்கா, என் போன்ல இன்னைக்கு டேட்டா இருக்கு. இதுல போட்டு பாப்போம். நீங்க ஒக்காருங்க" என்றார். மறுபடி முதலிலிருந்து ஏற்ற வேண்டியிருந்தது. முக்கால் மணி நேரம். திரையில் பச்சை டிக் வந்ததும் முதலில் கை தட்டியது அந்தப் பெண்தான். அவர் எங்களை அதற்குமுன் பார்த்ததுகூட இல்லை. அவர் நன்றாக இருக்க வேண்டும்.

பரீட்சைத் தேதி வந்தது. சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை. மாலை மூன்று மணிக்கு ஆரம்பம். செவ்வாய் என்றால் ராகு காலம் சரியாக மூன்றுக்குத்தான் பிறக்கும். காலண்டரைப் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்துவிட்டேன். அஷ்டமி. அதோடு அவளுக்குச் சந்திராஷ்டமம். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.

யாரிடமும் மூச்சு விடவில்லை. கோயில் கம்பிக் கதவைப் பிடித்துச் சொன்ன சத்தியம் இருக்கிறது. காலையில் சாமி கும்பிட்டுவிட்டு அவள் நெற்றியில் திருநீறு வைத்தபோது என் கண் காலண்டர் பக்கம் போய்வந்தது. அவள் கவனித்துவிட்டாள்.

"எனக்கும் தெரியும்ங்க. நேத்தே பாத்துட்டேன்."

"என்னத்த பாத்த?"

"எல்லாத்தையுந்தான். அஷ்டமி, சந்திராஷ்டமம், ராகு காலம். ஒங்க கூட இத்தன வருஷம் குடும்பம் நடத்துறேன், எனக்குப் பாக்கத் தெரியாதா?" என்று சிரித்தாள். "வண்டிய எடுங்க, நேரமாச்சு."

பெரம்பலூருக்கு வெளியே ஒரு கல்லூரியில் தேர்வு மையம். கேட்டுக்கு முன்னால் இருபது வயதுப் பிள்ளைகள் கூட்டம். நடுவில் நூல் புடவையில், தலையில் முழம் பூவோடு, கையில் அடையாள அட்டையோடு என் மனைவி. யாரோ ஒரு பிள்ளையைக் கூட்டிவந்த அம்மா என்று அவளை நினைத்து, காவலாளி ஓரமாக நிற்கச் சொன்னார். "நாந்தாங்க எழுதப் போறேன்" என்று ஹால் டிக்கெட்டை நீட்டினாள். அவர் பார்த்துவிட்டு, "போங்கம்மா, நல்லா எழுதுங்க" என்று கதவை அகலத் திறந்துவிட்டார்.

போகும்போது திரும்பி, "எங்கயும் போயிடாதீங்க. வெளில வந்தா ஒங்களதான் பாக்கணும்" என்றாள். கோயிலுக்குப் போய் உட்காரலாம் என்று நினைத்திருந்தேன். போகவில்லை. கேட்டுக்கு எதிரே புங்க மரத்தடியில் நின்றபடியே எனக்குத் தெரிந்த ஸ்லோகம் எல்லாம் சொன்னேன். பக்கத்தில் நின்ற ஒருவர், "பொண்ணு எழுதுதா?" என்றார்.

"இல்லங்க, சம்சாரம்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, "நம்ம வூட்லயும் ஒருத்தி பாதியில வுட்டுட்டு ஒக்காந்திருக்கா" என்றார். போகும்போது அந்தப் படிப்பைப் பற்றி எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு போனார்.

ஐந்து மணிக்குக் கதவு திறந்தது. எல்லாரும் வந்தார்கள், கடைசியில் அவள் வந்தாள்.

"பசிக்குதுங்க" என்றாள்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் போய்ச் சூடாக போண்டா வாங்கிக் கொடுத்தேன். நாலு சாப்பிட்டாள். இயற்பியலைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ரிசல்ட் வந்தது வைகாசிக் கடைசியில். மில்லில் நல்ல கூட்டம். மோட்டார் ஓடுகிறது, நான் மாவு பிடித்துக்கொண்டிருக்கிறேன். அவள் வீட்டுப் பக்கத்துக் கதவில் வந்து நின்று ஏதோ சொன்னாள். வாய் அசைவதுதான் தெரிந்தது. போனைத் தூக்கிக் காட்டினாள். கை மாவோடு ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினேன். பெல்ட் மெதுவாகச் சுற்றி நின்றது. தன் மாவு பாதி அரைபட்ட நிலையில் நின்ற ஓர் அம்மா, "ஏம்ப்பா நிறுத்திட்ட, என்னாச்சு?" என்று பதறினார்.

"எழுவத்தாறு" என்றாள் என் மனைவி. மோட்டார் சத்தம் நின்றுவிட்டதால் அது மில் முழுக்கக் கேட்டது.

"என் பொண்டாட்டி பாஸாயிட்டா!" என்று கத்தினேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் கத்தினேன்.

"எதுல, பத்தாவதுலயா?" என்றார் அந்த அம்மா.

"பத்தாவது நான். இவ பி.எஸ்சி.!"

சிலேட்டைப் பார்த்துக் கோபித்துக்கொண்டாரே, அந்தக் கேழ்வரகு அக்காவும் அன்று வரிசையில் இருந்தார். அவர் நேராக உள்ளே போய் என் மனைவியின் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்துத் திருஷ்டி கழித்தார். "எங்க வூட்டு கேவுரு ஒரு மாசம் காத்துக் கெடந்தது வீண் போவல" என்றார். அங்கே இருந்த பெண்கள் எல்லாம் ஆளுக்கு ஆள் அவள் கையைப் பிடித்தார்கள். அவள் முகமெல்லாம், தலையெல்லாம் மாவு. எல்லார் கையிலும் இருந்த மாவு. அன்று அரைத்த எல்லாத் தானியமும் கொஞ்சம் கொஞ்சம் அவள்மேல் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து அரியலூர் கல்லூரிக்குப் போய், கிரெடிட் சேர்ந்த மதிப்பெண் பட்டியலை வாங்கினோம். பதினைந்து வருஷமாக வெறுமையாக இருந்த இடத்தில் எண்ணும், அதன் பக்கத்தில் பாஸ் என்றும் அச்சாகியிருந்தது. இந்தத் தடவை அவள் இரண்டு பக்கத்தையும் நின்று நிதானமாகப் படித்தாள். நான் மணி பார்க்கவில்லை. இப்போது பி.எட். படிக்க விண்ணப்பம் போட்டிருக்கிறாள்.

நல்ல நாள் பார்ப்பதை நான் அடியோடு விட்டுவிட்டேன் என்று சொன்னால் பொய். மகளுக்கு ஒரு நல்லது நடக்கும்போது நிச்சயம் பார்ப்பேன், எனக்கு அதில் நம்பிக்கை உண்டு. ஆனால் ஆடியிலிருந்து மாசி வரை என் மனைவியிடமிருந்து நான் எடுத்துக்கொண்ட அந்த ஏழு மாதத்தை அவள் இன்றுவரை என்னிடம் திருப்பிக் கேட்கவில்லை. அதனால் தினமும் சாமி முன்னால் நிற்கும்போது எனக்காக எதுவும் கேட்பதற்கு முன்னால், அவளுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கொடு என்றுதான் முதலில் கேட்கிறேன்.